தோன்றா எழுவாய்: சிவகாசிப் பட்டாசும் தொழிற்சட்டங்களும்

1

விருதுநகர் மாவட்டத்தில் நாளிதழ் படித்து வளர்ந்த எவருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். மருந்து உராய்வினால் வெடிவிபத்து ஏற்பட்டது என்பதே அது. ஊர்ப் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. இதில் வினை செய்தவர் யார்? உராய்வு. உராய்ந்தது எது? மருந்து. ஒரே அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், உட்கார வைத்தவர் யார், அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அடுத்த நாள் செய்தியில் 'போர்மேன் கைது' என்று ஒரு வரி வரும். அதற்கடுத்த நாள் 'உரிமம் ரத்து செய்யப்பட்டது' என்று ஒரு செயப்பாட்டு வினை. கதை முடிந்தது.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் 'தோன்றா எழுவாய்' நினைவுக்கு வருகிறது. 'நேற்று வந்தான்' என்றால் எழுவாய் வெளியே தெரியவில்லை. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. வினைமுற்றின் விகுதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தொழிலாளர் சட்டம் என்பதையும் இப்படி வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். 'வேலை நடந்தது', 'கூலி கொடுக்கப்பட்டது', 'விபத்து ஏற்பட்டது' என்று எழுவாய் மறைந்து கிடக்கும் வாக்கியங்களில் அந்த எழுவாயைக் கண்டுபிடித்து வெளியே நிறுத்தும் முயற்சிதான் தொழிலாளர் சட்டம். சிவகாசியில் அது எங்கே வென்றது, எங்கே தோற்றது, தோற்றபோது தொழில் என்ன வடிவம் எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

2

சட்டத்துக்குள் போகுமுன் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில் யாரும் 'பட்டாசு ஆலை' என்று சொல்வதில்லை, 'பயராபீஸ்' என்போம். தீப்பெட்டி என்றால் 'தீப்பெட்டி ஆபீஸ்'. காலையில் வேன் வரும், ஏறிப் போவார்கள், இருட்டும் நேரத்துக்கு அலுமினியப் பொடி அப்பிய கையோடு இறங்குவார்கள். பெரியம்மா பதினான்கு வருஷம் அப்படிப் போய்வந்தாள்.

2009இல் ஒரு நாள் திரி வைக்கும்போது தீப்பிடித்து அவளது வலது கை வெந்துபோனது. உயிருக்கு ஒன்றுமில்லை. விரல்கள் மடங்காமல் போயின. நான் அப்போது பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். 'மனு எழுதத் தெரிஞ்ச பய' என்று என்னிடம் காகிதத்தைக் கொடுத்தார்கள். முதல் வரி: நிறுவனத்தின் பெயர். இரண்டாம் வரி: உரிமையாளர் பெயர்.

"என்னன்னு எழுதட்டும் பெரியம்மா?"

"எய்யா, வேன்காரன் பேரு தெரியும். போர்மேன் பேரு தெரியும். சனிக்கெழமை கூலி போடுறவரு ஒருத்தரு வருவாரு, குத்தகைக்காரருன்னு சொல்லுவாக. மொதலாளி யாருன்னு எனக்கென்னய்யா தெரியும்?"

கணக்கு நோட்டைப் போய்ப் பார்த்தோம். அதில் வேன் நம்பரும், அதற்கு நேரே எத்தனை குரோஸ் என்பதும் இருந்தன. பெரியம்மா பெயர் இல்லை. கேட் பலகையில் இருந்த பெயர்க்காரரிடம் போனால், 'நான் இடத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு தம்பி, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல' என்றார். குத்தகைக்காரரிடம் போனால், 'லைசென்ஸ் அவரு பேர்லதான இருக்கு' என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மனு எழுதப்படவில்லை. பத்தாயிரம் ரூபாய் கொடுத்து முடித்துவைத்தார்கள்.

பிறகு சட்டப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன், ஒரு பிரதியை வாசிக்கிற மாதிரி. அவ்வாறு வாசித்ததன் விளைவுதான் கீழே வருவது.

3

பட்டாசுத் தொழிலின் மீது முக்கியமாக இரண்டு வகைச் சட்டங்கள் கைவைக்கின்றன. ஒன்று 1884ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சட்டமும் அதன்கீழ் இப்போது உள்ள 2008ஆம் ஆண்டு விதிகளும். மற்றொன்று தொழிலாளர் சட்டங்கள். இவற்றில் தலையானது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமாக இருந்தது. முதலாவது மத்திய அரசின் பெசோ அமைப்பின் கையில். இரண்டாவது மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் கையில்.

வெடிமருந்துச் சட்டம் மருந்தை எண்ணுகிறது. தொழிற்சாலைச் சட்டம் ஆளை எண்ணுகிறது. நம் ஊரில் லைசென்சுக்கு வழங்கும் பெயர்களே இந்த எண்ணிக்கையில் இருந்து வந்தவை. பெரிய ஆலைகளுக்கு 'நாக்பூர் லைசென்ஸ்', நடுத்தரத்துக்குச் 'சென்னை லைசென்ஸ்', 15 கிலோ வரை மருந்து வைத்துக்கொள்ளும் சின்ன யூனிட்டுகளுக்கு 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்'. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஓர் அறை வெடித்தால் சாவு அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதே இந்த விதியின் தர்க்கம். (சாவே கூடாது என்று விதி சொல்லவில்லை. அதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. குரூரமாகத் தோன்றினாலும், விதியை உள்ளபடி கடைப்பிடிக்கும் ஆலையில் ஒரே விபத்தில் இருபது முப்பது பேர் சாக முடியாது என்பது உண்மை.)

தொழிற்சாலைச் சட்டத்தில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று 'ஆலை'. மின்சக்தி பயன்படுத்தினால் 10 தொழிலாளர், இல்லையென்றால் 20 தொழிலாளர் இருந்தால்தான் ஓர் இடம் ஆலை ஆகும் என்றது சட்டம். (அதற்குக் குறைவான இடத்தையும் மாநில அரசு பிரிவு 85இன் கீழ் ஆலையாக அறிவிக்கலாம்.) இரண்டாவது சொல் 'ஆக்குபையர்'. ஆலையின் விவகாரங்கள் மீது இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவர் ஆக்குபையர். எதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

போபாலுக்குப் பிறகு 1987இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர், கூட்டு நிறுவனம் என்றால் பங்காளிகளில் ஒருவர்தான் ஆக்குபையர் ஆக முடியும் என்றானது. சம்பளத்துக்கு இருக்கும் மேனேஜரை ஆக்குபையராகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நினைத்த நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இயக்குநரே ஆக்குபையர் என்று உறுதிசெய்தது. எழுவாயைத் தேடிப்பிடித்து நிறுத்தும் முயற்சி என்று நான் சொன்னது இதைத்தான்.

இழப்பீட்டிலும் இதே கேள்வி வருகிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் இறந்தவருக்கான தொகை மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்கிக் கிடைப்பது. 40 வயதுக்கு அந்தக் காரணி 184.17. 2020 ஜனவரியில் கணக்கில் கொள்ளும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதன்படி 7,500 ஐ 184.17 ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். அதே பெண்ணின் ஊதியம் 9,000 என்று பதிவானால் 8,28,765. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. எல்லாம் சரி. ஆனால் ஊதியம் இன்னது என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். முதலாளி இன்னார் என்று காட்டவும் ஒரு காகிதம் வேண்டும். பெரியம்மாவிடம் இருந்தது வேன் நம்பர்.

4

சட்டம் தொழிலின் மேல் என்ன விளைவை உண்டாக்குகிறது என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று மார்க்ஸிடம் இருக்கிறது. 'மூலதனம்' முதல் பாகத்தில் அவர் தீக்குச்சித் தொழிலைப் பற்றிப் பேசுகிறார் என்பதைச் சிவகாசிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் தீக்குச்சித் தொழிலாளரில் பாதிப்பேர் பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பதினெட்டுக்குட்பட்டவர்களும் என்கிறார். சாப்பிடும்போதுகூட சிறுவர்கள் உருகிய பாஸ்பரசில் குச்சி முக்கிக்கொண்டே இருந்தால்தான் தொழில் நடக்கும் என்று முதலாளிகள் சாதித்தார்கள். 1864இல் தொழிற்சாலைச் சட்டம் அத்தொழிலுக்கும் விரிந்தது. என்ன ஆனது? தொழில் அழியவில்லை. நச்சுப்புகை தொழிலாளியின் முகத்தில் படாத ஒரு முக்கும் இயந்திரம் வந்தது. சட்டம் நெருக்கியதால் மூலதனம் இயந்திரத்தைக் கண்டுபிடித்தது என்பதே மார்க்ஸ் சொல்ல வருவது.

சிவகாசியில் அப்படி நடக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலில் இருந்து கிளைத்தது பட்டாசு. மழை பொய்க்கும் கரிசல் காடு. வேறு வேலை இல்லாத கை. இயந்திரத்தைவிட ஆள் மலிவு. தீப்பெட்டியின் கலால் வரியில் சின்ன யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை, பெரிய ஆலையைச் சின்னச் சின்னதாக உடைத்துக் காட்டினால் லாபம் என்ற பாடத்தை இங்கே முன்பே கற்றுக்கொடுத்திருந்தது. ஆகவே தொழிலாளர் சட்டம் நெருக்கியபோது இங்கே மூலதனம் கண்டுபிடித்தது உள்குத்தகை. அங்கே புகைக்கும் முகத்துக்கும் நடுவில் இயந்திரம் வந்தது. இங்கே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இன்னொரு ஆள் வந்தார்.

இது எப்படி நடக்கிறது? லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். வளாகத்தில் உள்ள அறைகளைப் பிரித்துப் பலருக்குக் குத்தகைக்கு விடுவார். இது சட்டவிரோதம், ஆனால் ஊரறிந்த விஷயம். குத்தகைக்காரர் ஒரு சீசனுக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். எனவே நான்கு பேர் அறையில் எட்டு பேர். அறை போதவில்லை என்றால் மரத்தடி. அனுமதிக்கப்பட்டது சாதா வெடி, செய்வது பேன்சி ரகம். எல்லாமே பீஸ் ரேட் என்பதால் கை வேகமே கூலி; வேகம் என்றால் உராய்வு. அந்த நாளிதழ் வாக்கியத்தின் 'உராய்வு' எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கும். அது ரசாயனச் சொல் மட்டுமல்ல.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஆய்வில் விதிமீறல்கள் கண்டு உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அங்கே வேலை நடந்தது. குத்தகை விவகாரமும் வெளியே வந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் குத்தகை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் தரச் சொன்னது. தீர்ப்பாயத்தின் சட்டத்தில் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு தரலாம். தொழிலாளர் சட்டத்தின் வழியே கிடைத்திருக்க வேண்டியது சுற்றுச்சூழல் சட்டத்தின் வழியே வந்தது. எழுவாயைத் தேட வேண்டியிராத வாக்கியத்தில்தான் இறந்தவளுக்கு இடம் கிடைக்கிறது என்றால், எழுவாயைத் தேடும் சட்டங்களின் நிலை என்ன?

5

சட்டம் வென்ற இடமும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் விஷயம். 1990இல் வெளிவந்த சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குச் சிவகாசியின் அன்றைய முகம் தெரியும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் 14 வயதுக்குட்பட்டோரைத் தடைசெய்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு செய்யும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. சட்டத்தின் கண்ணில் 'வீடு' என்பது வேலை நடக்காத இடம். விளைவு, பெட்டி ஒட்டுவதும் குழாய் உருட்டுவதும் வீட்டுக்குள் வந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பசைச்சட்டி இருந்தது. நான் குழாய் உருட்டிக்கொண்டே திருக்குறள் மனப்பாடம் செய்தவன்.

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை பேசியது. 1990 தீர்ப்பில், உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து தள்ளிவைத்துக் குழந்தைகளைப் பேக்கிங்கில் ஈடுபடுத்தலாம், பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும் என்றது. கவனியுங்கள், குழந்தை இங்கே பாதுகாக்கப்பட வேண்டிய தொழிலாளி. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில் வேறு குரல். அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை, முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. இப்போது குழந்தை தொழிலாளியே அல்ல. 2016 திருத்தம், அபாயத் தொழில்களைக் குடும்ப விலக்கிலிருந்தும் வெளியேற்றியது.

பள்ளிக்கூடம், சத்துணவு, வெளியூர்ப் பிரச்சாரம், கல்வியின் மேல் எங்கள் அம்மாக்களுக்கு வந்த வெறி என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் சட்டத்தின் பங்கை மறுக்க முடியாது. ஆலைகளில் குழந்தைகள் பெருமளவு குறைந்தார்கள். ஏன் இது மட்டும் பலித்தது? என் வாசிப்பு இது: இங்கே எண்ணிக்கை வரம்பு இல்லை. பத்துக்கு மேல், இருபதுக்கு மேல் என்ற பேச்சே கிடையாது. ஒரு குழந்தை இருந்தாலும் குற்றம். உடைத்துச் சின்னதாக்கித் தப்பிக்கும் வழி இல்லை. குடும்ப விலக்கு என்ற ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் அது வழிந்து ஓடியது.

6

முதலாளிகளின் தரப்பை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. முறையாக நடக்கும் ஓர் ஆலையைக் கற்பனை செய்யுங்கள். நான்கு பேருக்கு ஓர் அறை என்றால் ஏக்கர் கணக்கில் நிலம். பயிற்சி பெற்ற போர்மேன். இ.எஸ்.ஐ.க்கு ஊதியத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், பி.எஃப். 12 சதவீதம். விற்பனையோ வருஷத்துக்கு ஒரு தீபாவளி. சரக்கு வடநாட்டு வியாபாரியிடம் போய்ப் பணம் திரும்ப மாதங்கள் ஆகும். இதே சந்தையில் மரத்தடி குத்தகைக்காரர் இந்தச் செலவு எதுவுமில்லாமல் விலையைக் குறைக்கிறார். ஆக, அமலாகாத சட்டம் தொழிலாளியை மட்டும் கொல்வதில்லை. சட்டத்தை மதிக்கும் முதலாளியையும் நஷ்டப்படுத்துகிறது. 'சட்டம் கடுமையாக இருப்பதால் தொழில் நசிகிறது' என்ற சொல்லாடல் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது.

2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. அந்த வழக்கு 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் போடப்பட்டது, அவர்களுடைய மூச்சுக்காக. ஒரு காலத்தில் சிவகாசிக் குழந்தைகளின் பெயரில் நீதிமன்றம் பேசியது, இப்போது டெல்லிக் குழந்தைகளின் பெயரில். இரண்டும் நியாயமே. ஆனால் சரவெடி பின்னிய பெண்ணுக்கு என்ன வேலை என்பது இரண்டாம் தீர்ப்பின் மையத்தில் இல்லை. அப்போது ஆலை அதிபர்கள் லட்சக்கணக்கான தொழிலாளர்களின் வாழ்வாதாரம் என்று வாதிட்டார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீதிமன்றத்தில் லட்சக்கணக்கில் எண்ணப்படும் தொழிலாளி, விபத்து நடந்த மறுநாள் மஸ்டர் ரோலில் ஏன் இல்லாமல் போகிறாள்?

7

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலைகள் சட்டம், இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் உட்பட 29 சட்டங்கள் இவற்றுக்குள் போய்விட்டன. என் வாசிப்புக்கு இதில் நான்கு இடங்கள் முக்கியம்.

முதலாவது, 'ஆலை'க்கான எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது. மின்சக்தி இருந்தால் 20, இல்லையென்றால் 40. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு 20இல் இருந்து 50 ஆகியிருக்கிறது. உடைத்துச் சின்னதாக்கும் கலை தெரிந்த ஊரில் இதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அபாயகரமானவை என அரசு அறிவிக்கும் வேலைகளில் ஆள் எத்தனை குறைவாக இருந்தாலும் பாதுகாப்புச் சட்டத்தைப் பொருத்த வழி வைத்திருக்கிறார்கள். பட்டாசு விஷயத்தில் எண்ணிக்கை வரம்பே கூடாது என்று கேட்பதற்கு இதுவே பிடி. மூன்றாவது, ஆய்வாளரின் பெயர் இனி 'ஆய்வாளரும் வசதி செய்பவரும்'. யாருக்கு வசதி என்பதைப் பெயர் சொல்லவில்லை. நான்காவது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்று பாதுகாப்புத் தொகுப்பு கட்டாயமாக்குகிறது.

இந்த நான்காவதை இடதுசாரி நண்பர்கள் அலட்சியமாகத் தாண்டிப்போவதைப் பார்க்கிறேன். ஒரு காகிதம்தானே என்கிறார்கள். பதினான்கு வருஷம் வேலை பார்த்தவளுக்குப் பெயர் இல்லாத நோட்டைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காகிதத்தில் தொழிலாளி பெயர், கூலி விகிதம், கேட் பலகையில் உள்ள உரிம எண், உரிமம் பெற்றவர் பெயர் இவை நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்டு வாங்க முடிந்தால், குத்தகை என்ற திரைக்குப் பின்னால் நிற்பவரின் பெயர் விபத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடும். நான் முதலில் சொன்ன விகுதி அந்த உரிம எண்தான். யார் ஒளிந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். மடங்காத விரல்களோடு இடது கையால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மருமகள், எனக்கு மதினி, இப்போது அதே வேனில் போகிறாள்.

"அப்ப நம்ம பேரு, மொதலாளி பேரு ரெண்டும் ஒரே தாள்ல வருமாக்கும்?" என்று கேட்டாள்.

"வரணும் பெரியம்மா."

"மொதல்ல உங்க மதினிட்ட அந்தத் தாள கேக்கச் சொல்லுய்யா. நாளைக்கு வேன் ஏறுறதுக்கு முன்னாடி."

மதினி கேட்டிருக்கிறாள். 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். போர்மேன் என்றாள்.